கால் டேங்க்

நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்.
மீட்டரைத் திருப்பவில்லை என்றேன்.
ஈப்போவிலிருந்து வந்த யுகேந்திரன் சிரித்தான்:
திருப்பியிருந்தால் இதைவிடக் குறைத்திருப்பீங்களே, அக்கா.

எண்பத்தொன்றாம் வருட செலிக்கா.
தினமும் செம்பனை லாரிகளின் புழுதிக்குப் பின்னால்
ஆலைக்கு, காலை ஷிப்ட்டுக்கு.

குறைகளை ஒப்பித்தேன்.
இடது கதவைத் தூக்கி அடைக்கணும்.
மழைக்கு ஒரு வைப்பர்தான்.
மூன்றாம் கியர் முரண்டு பிடிக்கும்,
திட்டாதே.

வெள்ளியை எண்ணித் தந்தான்.
காடி போனது.

ஐந்து நிமிடத்தில் போன்:
"பீடோர் முச்சந்தியிலேயே நின்னுபோச்சு."

முள் கால் டேங்க் காட்டினால் காலி.
பெட்ரோல் நிலையத்துக்குத் தானாகத் திரும்பும்
கைக்குத்தான் அது தெரியும்,
வாய்க்குத் தெரியவில்லை.

புல்வெட்டும் மிஷின் பெட்ரோலைக்
கீச்சாப் போத்தலில் ஊற்றிக்கொண்டு நடந்தேன்.

அதற்குள்
சீட்டைப் பின்னுக்குத் தள்ளியிருந்தான்.