ஏனைய விடயங்கள்

பெரும்போக ஆரம்பக் கூட்டம்,
வெல்லாவெளிப் பல்தேவைக் கட்டடத்தில்
ஒன்பது மணிக்கென்று போட்டிருந்தார்கள்.
பத்தரைக்குத் தொடங்கியது.

நாங்கள் பதினேழு பேர் பின்வாசலில் நின்றோம்.
கதிரைகள் காணி உள்ளவர்களுக்கு.
யாரும் அப்படிச் சொல்லவில்லை.
காலில் சேறு இல்லாத நாளிலும்
எங்கள் கண்ணுக்குக் கதிரை தெரிவதில்லை.

ஒவ்வொன்றாய்த் தீர்மானித்தார்கள்.
குளத்தில் எத்தனை அடி,
துருசு திறக்கும் திகதி எது,
கடைசி விதைப்பு என்றைக்கு,
மூன்று மாத நெல்லா மூன்றரையா.
மாடுகளை வட்டையை விட்டுக் கொண்டுபோக ஒரு நாள்,
மீறி இறங்கும் மாடொன்றுக்குத் தண்டம்.
யானைவேலிக்குக் காவல்.
உரம் பிந்தினால் யாரைக் கேட்பது என்று
அரை மணிநேரம் சத்தம்.

என் கையில் ஒரு சீ.ஆர். கொப்பி.
முன்பக்கமிருந்து மகனின் பின்னக் கணக்கு,
பின்பக்கமிருந்து எங்களுடையது:

மார்கழி நான்கு. பாக்கியவதி, களை,
ஆறரை முதல் நான்கு வரை, ஆயிரத்து இருநூறு.
அதே வரம்பு, அதே வெயில்,
அவளுடைய புருசன், இரண்டாயிரம்.
மார்கழி ஒன்பது. மழை.
பதினொரு மணிக்கு மெசின் பெட்டியில் ஏற்றிவிட்டார்கள்.
அரைநாளும் இல்லை என்றார்கள்.
மார்கழி பன்னிரண்டு. நேற்று எண்ணெய் அடித்த வயல்.
தங்கேஸ்வரியின் விரலிடுக்கில் தோல் உரிந்தது.
மார்கழி பதினைந்து.
ஒதுங்க ஒரு பற்றைகூட இல்லாத வெளி.
தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் வழி.
கோகிலவாணி குடிக்கவில்லை,
பகல் பன்னிரண்டுக்கு வரம்பில் விழுந்தாள்.
இதை எந்தக் கோட்டுக்குள் எழுதுவது
என்று தெரியாமல் ஓரத்தில் எழுதியிருந்தேன்.

முந்தின இரவு எங்களுக்குள்ளேயே சண்டை.
கூலியை மட்டும் கேட்போம், மறைப்பு வேண்டாம்,
ஆம்பிளைகளுக்கு முன் அதைச் சொல்ல வெட்கம் என்று.
பாக்கியவதிதான் கத்தினாள்:
"கேக்க வெக்கமெண்டா,
வெட்டவெளியில குந்துறது வெக்கமில்லையா கா?"
அதோடு அதுவும் பட்டியலில் ஏறியது.
மத்தியமுகாமிலிருந்து லேண்ட்மாஸ்டரில் வந்த றைகானத்து
தன் ஊர்ப் பெயர்களையும் கொண்டுவந்தாள்.
கையெழுத்தும் பெருவிரலுமாய்
நூற்று நாற்பத்து மூன்று.

"வேறேதும் இருக்கா?" என்றார் தலைவர்,
கொப்பியை மூடிக்கொண்டே.
நான் கையை உயர்த்தினேன்.
சாமித்தம்பிப் போடியார் திரும்பிப் பார்த்தார்.
"இது விவசாயிர கூட்டம் புள்ள."

என்ன பதில் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை.
மாட்டைப் பற்றி ஏதோ சொன்னேனாம்,
மாட்டுக்கே திகதி போட்டீங்களே என்று.
யாரோ சிரித்தார்கள்.
பிறகு வாசித்தேன். இரண்டு இடத்தில் குரல் உடைந்தது,
மூன்றாவது இடத்தில் வரி தவறி
மகனின் பின்னக் கணக்கை வாசிக்கப் போனேன்.

போடியார் பொல்லாதவர் இல்லை.
நெல்லு விலையைச் சொன்னார், டீசல் விலையைச் சொன்னார்.
அவருடைய மனைவியின் கொடியும் என் தோடும்
களுவாஞ்சிக்குடியில் ஒரே இரும்புப் பெட்டிக்குள் கிடக்கின்றன.
அறுவடை முடிய எது வெளியே வரும் என்று
அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அறிக்கை எழுதிய உத்தியோகத்தர் சின்னப் பொடியன்.
எட்டிப் பார்த்தேன்.
பதினான்கு: ஏனைய விடயங்கள்.
பெண் தொழிலாளர் சிலர் கூலி குறித்துக் கருத்துத் தெரிவித்தனர்.

"தம்பி, சிலர் எண்டு போடாதீங்க."
நிமிர்ந்து பார்த்தான். வெட்டினான்.
வெட்டின சொல்லுக்கு மேலே, நெருக்கி,
143 என்று எழுதினான்.

அன்றைக்குக் கிடைத்தது அந்த இலக்கம்தான்.
ஒரு கிழமைக்குப் பிறகு
நான்காம் கண்டத்து வரம்பில் ஒரு தண்ணீர்ப் பரல் நின்றது.
யார் வைத்தது என்று ஒருவரும் சொல்லவில்லை.
மூடி இல்லை.

களைக்கு ஆள் கேட்டு மார்கழியில் போன் வரும்.
ஆளுக்கு இரண்டாயிரம், தண்ணீர், மறைப்பு,
எண்ணெய் அடித்தால் மூன்று நாள் கழித்து.
பதினாறு பேர் பாடமாக்கிவிட்டார்கள்.
கோகிலவாணியை மட்டும் நான் கேட்கவில்லை.
செவ்வாய்க்கிழமைகளில் லோன்காரன்
அவள் வீட்டு வாசலில் மோட்டார்சைக்கிளை
நிறுத்தாமலே உறுமவிட்டு நிற்பான்.