பத்து டிகிரிக்கு மேல்

ஊட்டி கமர்ஷியல் ரோட்டுக் கடையில்
ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்த பையன் கேட்டான்:
"ஐஸ் மெஷினா? பார்ட்டிக்கா அக்கா?"
முட்டிக்கு, என்றேன்.

கல்லட்டிச் சாலையில் முப்பத்தாறு வளைவு.
வளைவுக்கு மூன்று மிதி, நாளைக்கு நான்கு நடை.
கணக்குப் போட்டால் கோபம் வரும் என்று
அவர் போடுவதில்லை.
நான் போட்டேன்: நானூற்று முப்பத்திரண்டு.
அதைப் பத்தொன்பது வருடத்தால் பெருக்கப் போய்
பாதியில் பேனாவை மூடிவிட்டேன்.
டிப்போவில் கிளட்ச் தகட்டை எத்தனையோ முறை மாற்றினார்கள்.
டிரைவர் ஆரோக்கியநாதனின் இடது முட்டியை மாற்ற
நான்கு லட்சம் கேட்கிறது கோயம்புத்தூர்.
அதுவரைக்கும் ஐஸ் வையுங்கள்,
இருபது இருபது நிமிடமாக, நாளைக்கு நான்கு தடவை
என்றார் பிசியோ ஹில்டா மேடம்.
அதுவும் நான்கு நடைதான்.

எங்கள் ஃப்ரிட்ஜில் இருப்பது ஒரே தட்டு, பன்னிரண்டு குழி.
கரண்ட் போய் வந்தால் பன்னிரண்டும் குளமாகும்.
மேல் தட்டில் மத்தி இருந்த வாரம்
அவர் முட்டியை முகர்ந்து முகர்ந்து
பக்கத்து வீட்டுப் பூனை படுத்தே விட்டது.

பையன் மூன்றைக் காட்டினான்.
ஸ்டீலில் ஒன்று, உள்ளே நீல விளக்கு எரிகிறது.
விளக்கு எதற்கு? ஐஸுக்கு இருட்டு பயமா?
இன்னொன்றைக் குழாயோடு இணைக்க வேண்டுமாம்.
எங்கள் குழாயில் செவ்வாயும் சனியும்தான் தண்ணீர்.
மூன்றாவது சிவப்பு. அரிசி டப்பா அகலம்.
கையால் தண்ணீர் ஊற்றினால் போதும்.

ஓட்டிக் காட்டு, என்றேன்.
ஆறு நிமிடம்.
மிக்ஸி வாங்க வந்த அம்மாவும்
கல்லாவில் இருந்த பாயும்கூட
பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.
உள்ளே ஏதோ தொண்டையைச் செருமியது.
பிறகு ஒன்பது கட்டிகள்,
நடுவில் குழி விழுந்தவை,
சடசடவென்று.

"இது ஐஸ் செய்யும் அக்கா, ஆனா வச்சிருக்காது.
உருகினா தண்ணி கீழே இறங்கிடும்,
அதையே எடுத்து மறுபடி கட்டியாக்கும்."
எனக்குத் தெரிந்த வலிதான் அது.
காலையில் இறங்கிப் போய்விட்டு
கடைசி பஸ்ஸில் ஏறி வந்துவிடும்.

பணம் எண்ணும் நேரத்தில் பையன்
கையேட்டின் ஐந்தாம் பக்கத்தில் விரலை வைத்தான்.
எறும்பு எழுத்து.
அறையின் வெப்பம் பத்து டிகிரிக்குக் குறையக் கூடாது.
"அக்கா, வீடு எங்கே?"
தலைக்குந்தா.
தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.
பாய் சிரித்துவிட்டார். நானும்தான்.

தை மாதத்தில் எங்கள் புல்வெளி
விடிகிறபோது சுண்ணாம்பு அடித்தது போலிருக்கும்.
ஐந்து மணிக்கே கார்களில் வந்து இறங்கி
பனியை உள்ளங்கையில் சுரண்டி
போட்டோ எடுக்கிறார்கள், ஊதிக்கொள்கிறார்கள்.
நானும் ஒருநாள் டிபன் டப்பாவோடு போனேன்.
ஒரு கேரட் பாத்தி முழுக்க வழித்தும்
அரை டப்பாதான் தேறியது.
வாசல் ஏறுவதற்குள்
கொஞ்சம் தண்ணீரும் இரண்டு புல்லும்.

சிவப்பையே வாங்கினேன், எட்டுத் தவணையில்.
அடுக்களையில், அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி வைத்திருக்கிறேன்.
விடியற்காலையில் முதலில் அடுப்பு,
அதில் வெந்நீர், அந்த ஆவியில் அறை.
சுவரில் மாட்டிய பாதரசக் குழாய் ஒன்பதைத் தாண்டி
பத்தில் கொஞ்சம் யோசித்து
பதினொன்றுக்கு வந்ததும் பொத்தானை அழுத்துவேன்.
ஐஸுக்காக விறகு வாங்குகிறவள் என்று
கடைத்தெருவில் எனக்குப் பெயர் வந்தாயிற்று.

அடுத்த அறையில் அவர்
நெஞ்சில் வெந்நீர்ப் பை, கழுத்து வரை கம்பளி.
தூங்குவதாகத்தான் சொல்கிறார்.
ஆனால் ஒன்பதும் விழுகிற அந்தச் சத்தத்துக்கு
கம்பளிக்குள் இடது கால்
ஒருமுறை மிதித்துவிட்டு
மெல்ல, மிக மெல்ல
விடுகிறது.