முதுசம்

நொத்தாரிசு கந்தோரில் உறுதி அடிக்கிற எனக்கு
சொத்து மூன்று வகை:
சீதனம், முதுசம், தேடியதேட்டம்.
இரத்தத்தையும் அப்படிப் பிரிக்கலாமென்று
போன கிழமைதான் தெரிந்தது.

எனக்கு முந்நூற்றுப் பதினெட்டு.
தம்பி பெனடிற்றுக்கு நூற்று அறுபத்துநாலு.

அவன் பாசையூர்ச் சந்தையில்
கணவாய் கூறு விழமுன்னமே விலை பேசி முடிக்கிறவன்.
இறால் தலையை உறிஞ்சிவிட்டு
பூனைக்குக் கோது வைப்பான்.
காலமையில் இரண்டு முட்டை, மஞ்சளோடு.
நானோ மஞ்சள் கருவைத் தொட்டு இரண்டு வருசம்.
"உனக்குக் கொழுப்பெண்டு
சின்னனிலயே சொன்னனான்" என்று சிரிக்கிறான்.

டொக்டர் சிரிக்கவில்லை.
என் குதிகால் நரம்பைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தா.
"சாப்பாட்டில வந்ததைக் கண்டு
சிலபேரின்ர ஈரல் தான் செய்யிறதைக் குறைச்சுக்கொள்ளும்.
உங்கட ஈரலுக்குக் கதவே பாதிதான், அம்மா.
வீட்டில ஆரும் இளவயதில..?"

அப்பா.
நாற்பத்தொரு வயது.
தொண்ணூற்றைந்தில், நாவற்குழிப் பாலத்தில், மழைக்குள்,
சைக்கிள் ஹாண்டிலை விடாமல்.
வீட்டை விட்டு வந்த ஏக்கம் என்றார்கள்.
நானும் அப்படித்தான் சொல்லி வளர்ந்தேன்.
மரணச் சான்றிதழில்
காரணம் என்ற கட்டத்துக்குள் ஒரு கோடு.

அந்தப் பாலத்தை விட்டுவிட எனக்கு மனமில்லை.
அதுவும் சேர்ந்துதான் கொன்றது.
ஆனால் எவ்வளவு பங்கு?

படமொன்றும் மிஞ்சவில்லை.
எமில்டா மாமிக்கு அடித்துக் கேட்டேன்,
கண்மடலில் மஞ்சளாய் ஏதும் இருந்ததோ என்று.
"ஓம் பிள்ளை, கடலைமா ஒட்டினமாதிரி.
ஒருநாள் லேஞ்சியால துடைச்சும் பாத்தனான்,
போகேல்லை."

குருநகரில் இரண்டு பரப்பு தம்பி பேரில்.
எனக்கு இது.
கிழக்கெல்லை இல்லை, வடக்கெல்லை இல்லை,
அறுதியாய் விற்கவும் ஆளில்லை.

செவ்வாய்க்கிழமை மெறோனாவுக்கு இரத்தம் எடுக்கவேணும்.
ஒன்பது வயது. துண்டு என் கைப்பைக்குள்.
அவள் முட்டையைப் பிளந்து
வெள்ளையை ஒதுக்கிவிட்டு
மஞ்சளை முதலில் தின்கிறாள்.
அதற்குள் ஒன்றுமில்லையென்று எனக்கு இப்போது தெரியும்.
என்றாலும்
விரலைச் சூப்பி முடிக்கும்வரை
பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.