இரண்டு டிகிரி

உபி தொழிற்பேட்டை, ஐந்தாம் மாடி.
கீழே யாரோ கார்க்கதவுக்குச் சாயம் அடிக்கிறார்கள்.
நேற்றிரவு குளியலறை வாளியில் ஊறிய பாய்ச்சுருள்
ஆணியில் நிற்கிறது, சொட்டச் சொட்ட.

முதல் வெட்டில் சத்தமே இல்லை.
துண்டு ஒரு நொடி யோசித்துவிட்டு
விழுந்தது.

இரண்டாவதில்
பாதிப் பாயில் எனக்குச் சந்தேகம் வந்தது.
வாள் தன் வழியே போய்க்கொண்டிருக்க
மணிக்கட்டு மட்டும்
திரும்பிப் பார்த்தது.

அவ்வளவுதான்.

ஃபட்லி ஒரு கண்ணை மூடி
வாளின் முதுகோரம் நோக்கினான்.
“ரெண்டு டிகிரி” என்றான்,
என் காய்ச்சலைச் சொல்வதுபோல.

பலத்தால் வளையவில்லை இது.
கூர் ஒரு திசை, கை ஒரு திசை,
நடுவில் மாட்டிக்கொண்டது எஃகு.
இரண்டும் ஒரே கோட்டில் போயிருந்தால்
இதில் பாதி பலம் போதும்;
மீதியை வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பேன்.

உறைக்குள் போக மாட்டேன் என்கிறது.
துவாலையில் சுற்றி, உறையைத் தனியாக வைத்து,
கிட்டார் பையோடு பேருந்தில் நிற்கிறேன்.
பள்ளிச் சீருடைப் பையன் கேட்கிறான்,
“அக்கா, என்ன பாட்டு வாசிப்பீங்க?”

“இன்னும் சுருதி சேரலப்பா.”

யூனோஸ் வளைவில் வண்டி சாய்கிறது.
கம்பியைப் பிடித்த கை
திரும்பாமல் இருக்கப் பார்க்கிறது.