தர்ட்டி ட்ரீ

சாங்கியில், மூன்றாம் முனையத்துக்கு அடியில்,
சன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து
தொலைந்த பெட்டிகளைத் தேடித் தருகிறேன்.
பெட்டிகள் பேசாது. ஆட்கள் பேசுவார்கள்,
அதுவும் கோபத்தில்,
சொந்த ஊரில் பேசுவது போலவே.

முதல் வாரம் எல்லாம் ஒரே இரைச்சல்.
நெல்லையும் கோவையும் யாழ்ப்பாணமும்
பக்கத்து இருக்கை வெய் லிங்குக்கு
ஒரே கடகடவாகக் கேட்குமே,
அப்படி.

நோர்ஹயாத்தி ஒலிப்பதிவுகள் கொடுத்தாள்.
உட்லண்ட்ஸிலிருந்து வரும் ரயிலில்
காதில் மாட்டிக்கொண்டு
தமிழ் எழுத்திலேயே குறித்துவைத்தேன்:
பஸ்ஸைப் புஸ் என்றால் வடக்கு.
தண்ணீர் கேட்கும்போது நடுவிலிருக்கும் ட-வை
முழுங்கிவிட்டால் லண்டன்.
வீடு ஹூஸ் ஆனால் கிளாஸ்கோ.
கார் என்று முடிக்கும் இடத்தில்
நம்முடைய ழ-வுக்கு ஒன்றுவிட்ட தம்பி
ஒளிந்திருந்தால் பிரிஸ்டல்.

தைரியம் வந்துவிட்டது.
ஒருவரிடம் கேட்டேன், "நியூகாசிலா சார்?"
அவர் சண்டர்லாந்து.
பெட்டி தொலைந்ததற்குக்கூட
அவ்வளவு கத்தவில்லை மனிதர்.
நடுவில் பன்னிரண்டு மைலாம்.
பாலத்துக்கு அந்தப் பக்கம்
ஜொகூர் விளக்குகள் தெரியும் வீடு எனக்கு;
அந்த மைல் கணக்கு புரிந்தது.

என் தாளிலும் ஒரு குறை எழுதியிருந்தார்கள்:
நாக்கு நுனி பல்லைத் தாண்டி வரவில்லை.
மூன்று என்று சொல்ல வேண்டிய இடத்தில்
மரம் என்கிறேன்.
உண்மைதான்.
தொடக்கப்பள்ளியில் வகுப்பு முழுவதும்
ஒன்று, இரண்டு, மரம், நான்கு
என்று எண்ணித்தான் வளர்ந்தோம்.
கண்ணாடி முன் நாக்கை நீட்டிப் பழகினேன்.
பல் துலக்க வந்த இளம்பரிதி
"யாருக்குப் பழிப்புக் காட்டுகிறாய்?" என்றான்.

வியாழன் பின்னிரவு, இரண்டு மணி இருக்கும்.
அயர்லாந்துப் பெண்மணி, கார்க் நகரம், பெயர் ஓர்லா.
மறுநாள் மகனுக்குக் கல்யாணம்.
தொப்பி பெட்டிக்குள்,
பெட்டி எங்கேயோ.
சீட்டு எண் கேட்டேன்.

"தர்ட்டி ட்ரீ."

கேலி செய்கிறாரோ?
இன்னொரு முறை சொல்லுங்கள் மேடம்.

"தர்ட்டி ட்ரீ, டபுள் ட்ரீ."

கேலி இல்லை.
அங்கேயும் அதே மரம்தான்.
பல்லைத் தாண்டாத நாக்கோடு
அம்பது அறுபது வயதுவரை
ஒருத்தி நிம்மதியாக வாழ்ந்திருக்கிறாள்.
சரிபார்க்க வேண்டுமே,
நானும் வாசித்துக் காட்டினேன்,
மூன்று வாரப் பயிற்சியை மடித்து உள்ளே வைத்துவிட்டு:
தர்ட்டி ட்ரீ, டபுள் ட்ரீ.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு, "நீயும் எங்க ஊர்ப் பக்கமா பெண்ணே?"
"உட்லண்ட்ஸ், மேடம்."
"கேள்விப்பட்ட மாதிரி இருக்கிறது" என்றார்.

பெட்டி தோஹாவில் கிடந்தது.
தொப்பி கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்ததா, தெரியாது;
நேரம் முடிந்து கிளம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை மதிப்பீடு.
நோர்ஹயாத்தி அந்த அழைப்பை ஓடவிட்டாள்.
நிறுத்தினாள். பின்னால் இழுத்தாள்.
பென்சில் தாளுக்கு மேலே அந்தரத்தில் நின்றது.
"இரு, இந்த ட்ரீ நீயா, அவங்களா?"

மறுபடி போடச் சொன்னேன்.
எனக்கும் சட்டென்று தெரியவில்லை.