ஈரக்கழிவு

சேரம்பாடி மூன்றாம் டிவிஷனில்
கொழுந்து நிறுக்கிறவள் நான்.
மழைநாளில் மூட்டைக்கு மூன்று கிலோ கழி என்று உத்தரவு,
இலைமேல் நிற்கும் தண்ணீருக்காக.
எவ்வளவு தண்ணீர் என்று
இதுவரை யாரும் பிழிந்து பார்த்ததில்லை.

நேற்று ஜெனிவாவிலிருந்து ஒரு அம்மாள் வந்தாள்.
கூடலூர் துணைத் தாசில்தார் போஜராஜ்
கூட வந்து மொழிபெயர்த்தார்.
முதல் கேள்விக்கு மட்டும் அவர் வேண்டியிருக்கவில்லை.
அகதி என்கிற சொல்
எந்த பாஷையில் வந்தாலும் எனக்குப் பிடிபடும்.
நாங்கள் வாய் திறக்குமுன் அவரே சொல்லிவிட்டார்:
இல்லை மேடம், தாயகம் திரும்பியோர்.
அவள் பேனாவை மூடினாள்.

அங்கம்மா என் காதோரம் கேட்டாள்:
அகதின்னா என்ன குடுப்பாங்களாம்?
போர்வை, பாத்திரம், மாசம் கொஞ்சம் பணம்.
தாயகம் திரும்பினா?
தாயகம்.

டெல்லிக்கும் கொழும்புக்கும் நடுவே ஒரு மேசை.
உனக்கு ஐந்தேகால் லட்சம், எனக்கு மூன்று,
மீதி ஒன்றரையைப் பிறகு பார்ப்போம்
என்று கைகுலுக்கி எழுந்தார்களாம்.
பத்து வருஷம் கழித்து
அந்த மீதியைச் சரிபாதியாக வெட்டினார்கள்.
கத்தி எங்கள் லயத்தில்
அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் இறங்கியது.
அப்பாவுக்குத் தலைமன்னாரில் கப்பல், கையில் குடும்ப அட்டை.
சித்தப்பாவுக்குப் பொகவந்தலாவை.

சித்தப்பா மகன் தவசிமுத்து
எண்பத்து மூன்றில் படகில் வந்தான்.
அவன் அகதி.
மண்டபத்திலிருந்து கடிதம் போடுகிறான்:
உனக்கென்ன அக்கா, நீ ஊர் சேர்ந்துவிட்டவள்.
நான் பதில் எழுதுகிறேன்:
உனக்கென்ன தம்பி, போர்வை இருக்கிறது.
இங்கே மார்கழியில் தகரம் வியர்த்து
சொட்டுச் சொட்டாய்ப் பாயில் விழும்.

மேல்முறையீட்டு மனு ஒன்றை
அந்த அம்மாளிடம் கொடுக்க வைத்திருந்தோம்.
அரசாங்கம் வழியாகத்தான் வரவேண்டும் என்றாளாம்.
அரசாங்கம் அதை வாங்கி
நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டது.

கிளம்பும்போது தராசு எப்படி வேலை செய்கிறது என்று
அவளுக்கு ஆசை வந்துவிட்டது.
தன் தோல்பையைக் கொக்கியில் மாட்டினாள்.
முள் நாலில் நின்றது.
ஒரு கிலோ என்றேன்.
வாய் தானாகவே கழித்துவிட்டது.
அங்கம்மா சிரித்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

ஏன் என்று கேட்டிருக்க வேண்டும் அவள்.
ஈரக்கழிவு என்றேன்.
போஜராஜ் தேயிலைச் சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
அவள் பையின் அடிவரை தடவிப் பார்த்தாள்,
பிறகு உள்ளங்கையை விரித்து
என்னிடம் நீட்டினாள்:
காய்ந்திருந்தது.

ஜீப் வளைவு தாண்டியதும் மழை பிடித்தது.
பதினொரு மூட்டை வெளியே கிடந்தது,
இழுத்துப் போட ஓடினோம்.