பேயோட்டிகள்

ப்ரெமென் நகரில்
தெரிந்தே எதிர்த்திசையில் மிதித்து வரும் சைக்கிள்காரருக்குப்
பேய் என்று பெயர்.
தமிழில் சொல்லிப் பார்த்தேன்: பேயோட்டி.
சிரிப்பு வந்தது. அது வேறு தொழில்.

அந்த வேறு தொழிலுக்கும் அங்கே ஆள் இருந்தார்.
ஹென்னிங் டீர்க்ஸ், ஐம்பத்தெட்டு வயது.
நகராட்சி கொடுத்த மடக்கு நாற்காலி,
கட்டைவிரலுக்கடியில் எண்ணும் கருவி.
பேய் ஒன்று கடந்தால் ஒரு சொடுக்கு.
எத்தனை என்று தெரிந்த பிறகுதான்
எப்படி ஓட்டுவதென்று யோசிப்பார்களாம்.

அக்டோபர். மேம்பாலத்தடியில் ஈரம்.
செங்கல் பாவிய சைக்கிள் பாதையில்
வடக்கே பார்த்து ஒரு வெள்ளை அம்பு.
வடக்கிலிருந்துதான் வருகிறார்கள்.

ஆறு பத்துக்கு ரொட்டிக்கடைப் பையன்,
காது மடலில் மாவு. சொடுக்கு.
ஆறரைக்கு நெவின்,
ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் தரை துடைத்தவள்,
விளக்குக்குப் பதில் பல்லில் கவ்விய டார்ச். சொடுக்கு.
பெட்டி வைத்த சைக்கிளில் இரண்டு பிள்ளைகளோடு ஓர் அப்பா.
பிள்ளைகள் கையசைத்தார்கள்.
மூன்று தலைக்கு எத்தனை சொடுக்கு?
ஒன்றே போட்டார்.

செவ்வாய் மட்டும் நூற்றுப் பதினேழு.

புதன்கிழமை
மரக்கிடங்கு வாசலில் லாரி வெளியே வந்தது.
ஓட்டுநர் நல்லவர், நின்று இடப்பக்கம் பார்த்தார்.
சைக்கிள் வர வேண்டிய பக்கம் அது.
வெறிச்சோடிக் கிடந்தது.
வரக்கூடாத பக்கத்திலிருந்து வந்தாள் நெவின்.

டார்ச் உருண்டு சாக்கடை மூடியில் நின்று
எரிந்துகொண்டே இருந்தது.
காறை எலும்பு, இரண்டு விலா. உயிர் இருக்கிறது.
ஹென்னிங் ஓடும்போதுதான் கவனித்தார்,
விரல் பழக்கத்தில் அழுத்திவிட்டிருந்தது.
அந்தக் கருவியில்
ஒன்றைக் குறைக்க வழியில்லை.

அன்று மாலை தன் சைக்கிளை எடுத்து
ஆஸ்பத்திரி வாசலிலிருந்து அவள் குடியிருப்பு வரை
சட்டப்படி போய்ப் பார்த்தார்.
சிக்னல் பொத்தானை அழுத்திக் காத்திருந்தார்.
நாலு தடம். நடுவே டிராம் தண்டவாளம்,
மழையில் மீன் முதுகுபோல் வழுக்கியது.
மறுபக்கம் இறங்கித் தெற்கே மிதித்தார்.
அவள் வீட்டு ஜன்னல் எதிரே தெரிகிறது,
கடக்க இடமில்லை.
அடுத்த கடவை மேம்பாலத்துக்கும் அப்பால்.
பதினான்கு நிமிடம்.
எதிர்த்திசையில் வந்தால் ஒன்றரை.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்போம் நாம்.
அவருக்கு அந்தப் பழமொழி தெரியாது.
சும்மா அந்த வெள்ளை அம்பின் மேல் நின்றுகொண்டு
வரைபடம் போட்டவர் யாராக இருக்கும் என்று யோசித்தார்.
சைக்கிள் ஓட்டுவாரா அவர்?

படிவத்தில் குறிப்பு எழுத இரண்டு விரற்கடை இடம்.
பொடி எழுத்தில் எல்லாவற்றையும் நெருக்கி எழுதினார்:
கடவை இல்லை, பொத்தான் சில நேரம் வேலை செய்யவில்லை, 14 நிமிடம்.
அலுவலகத்தில் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

மார்ச்சில் ஒரு பலகை வந்தது.
படுக்கை விரிப்பைப் போர்த்திய பேயின் படம்,
கீழே: திரும்பிப் போ.

நெவின் பலகைக்கு முன்னால் இறங்குகிறாள்.
நடைபாதையில் ஏற்றித் தள்ளிக்கொண்டு நடக்கிறாள்,
இப்போது அவள் பாதசாரி, யாரும் கேட்க முடியாது.
மரக்கிடங்கைத் தாண்டியதும்
இன்னும் சரியாக உயராத தோளோடு
மறுபடி ஏறி உட்காருகிறாள்.

அந்த லாரிக்காரர் இப்போதெல்லாம்
இரண்டு பக்கமும் பார்த்துத்தான் வண்டியை எடுக்கிறாராம்.
அவர் ஒருவர்.